பச்சையா, பழுப்பா?

மரத்தண்டுக்குப் பச்சை அடிக்கிறானா உங்கள் பையன்? ‘கவனமே இல்லை’ன்னு குட்டாதீங்க! அவன் கண்ணுக்கு பச்சையும் பழுப்பும் ஒன்றாகவே தெரியலாம்.

விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. அதில் ஒன்று குறைபட்டாலே நிறங்கள் குழம்பும். சிவப்பு-பச்சைக் குழப்பத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதுவும் அம்மா கொடுத்தது. அம்மாவுக்கு இரண்டு இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆகவே அப்பாவை விட்டுவிட்டு, அம்மாவைப் பெற்ற தாத்தாவை விசாரியுங்கள்!

கண் டாக்டரிடம் இஷிஹாரா புள்ளிப் படங்கள் இருக்கும். சில நிமிடச் சோதனைதான். பிறவிக் குறைக்கு மருந்தில்லை. ஆனால் ரயில் ஓட்டும் ஆசையுள்ள பையனுக்கு இது வேலைக்கான மெடிக்கலில் தெரிவதைவிட பள்ளியிலேயே தெரிவது மேல். அதுவரை கலர் பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுங்கள், டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள்.