தோள் வலிக்குப் போனவருக்குப் புற்றுநோய்!
6 தங்கப் பதக்கம் வாங்கிய வீரரை ஏமாற்றிய நோய்

தோள்பட்டையில் வலி. தேகப்பயிற்சி செய்ததில் பிடித்துக் கொண்டிருக்கும் என்று நினைத்துத்தான் போனார். 'ஸ்கேன்' எடுத்தார்கள். தோளில் கட்டி!

போனவர் சாமானிய ஆள் இல்லை. கிறிஸ் ஹாய். ஸ்காட்லாந்துக்காரர். ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் 6 தங்கம் வாங்கியவர். 2008 பீஜிங்கில் மட்டும் 3 தங்கம்.

இது நடந்தது 2023 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 47.

அடுத்த ஸ்கேனில் குட்டு வெளிப்பட்டது. நோய் பிறந்த இடம் தோள் அல்ல, புராஸ்டேட் சுரப்பி. அங்கிருந்து எலும்புகளுக்கு ஓடி விட்டது. இனி குணப்படுத்த முடியாது, 2 முதல் 4 வருடம் என்று டாக்டர்கள் கெடு சொன்னார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன் ஆடிப்போனார்.

சத்தம் போடாத நோய்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். இதில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது.

"ஒன்றுக்குப் போவதில் தொல்லை இல்லையே, நமக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வயதானால் அந்தத் தொல்லை பலருக்கு வரும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல, வெறும் வீக்கம்.

ஹாயின் தாத்தாவுக்கு இதே நோய். அப்பாவுக்கும் இதே நோய். குடும்பத்தில் இருந்தால், 45 வயதிலேயே டாக்டரைப் போய்க் கேளுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லத் தொடங்கினார் ஹாய். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால், நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

எல்லோருக்கும் ஏன் இல்லை?

சோதனை சுலபம். கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பெயர் பி.எஸ்.ஏ.

அப்படியானால் எல்லா ஆண்களுக்கும் செய்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்!

பி.எஸ்.ஏ. கூடுதலாகக் காட்டும் 4 பேரில் 3 பேருக்குப் புற்றுநோய் இருக்காது. சரியாகக் காட்டியும் சிலருக்கு இருக்கும். சில கட்டிகள் ஆமை மாதிரி நகரும், ஆளைக் கொல்லாது. அதைப் போய் அறுத்தால் சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம், தாம்பத்தியம் கெடலாம். அதனால் இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்கிறார்கள். ஆபத்தில்லாத கட்டியை அறுக்காமல் கண்காணிக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 8 நாடுகளில் 1 லட்சத்து 62 ஆயிரம் ஆண்களை 23 வருடம் கவனித்த ஆராய்ச்சி 2025-ல் வெளிவந்தது. 456 பேரைச் சோதனைக்கு அழைத்தால் ஓர் உயிர் பிழைக்கிறது என்பது கணக்கு. அந்த ஓர் ஆளின் வீட்டில் போய் இந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?

2025 நவம்பரில் பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு தன் வரைவை வெளியிட்டது. எல்லோருக்கும் சோதனை வேண்டாம், பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு 45 வயது முதல் 61 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும் என்றது. அப்பா, தாத்தாவுக்கு இருந்தது என்பதற்காக மட்டும் அழைக்கச் சம்மதிக்கவில்லை. ஹாய் மிகவும் மனம் நொந்தார்.

ஆனாலும் அங்கே 50 வயது தாண்டியவர் டாக்டரிடம் கேட்டால் சோதனை இலவசம்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்கிறார்கள். மிதித்தால் பி.எஸ்.ஏ. ஏறிக் காட்டுமாம்!