கழுத்துத்துணிப் பின்னல்

வெயில் மிகுந்த தாம்பரத்திலே கழுத்துத்துணி பின்னுவானேன் என்று நம்மிற் சிலர் நகைக்கலாம். கம்பளி உதகைக்குச் செல்வோர்க்கு இருக்கட்டும். நமக்குப் பருத்தி நூலே போதும். 2017ஆம் ஆண்டு சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் மாதர் குழுவினர் 14 கிலோமீட்டரைக் கடந்த ஒரே கழுத்துத்துணியைப் பின்னிக் கின்னஸ் நூலில் இடம்பெற்றனர்.

இரண்டு ஊசிகளாற் செய்யும் பின்னலை இயந்திரமும் செய்யும். ஒரே கொக்கியூசியால் கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுக்கும் குரோஷா வேலையோ இன்னும் கைக்கே உரியதாய் நிற்கின்றது. ஆதலால் இதனை விற்கப் புகுவோர் கடைத்துணியின் விலையோடு போட்டியிடுதல் வீண். நண்பர் கேட்டவுடன் நூல்விலையை மாத்திரம் பெற்றுக்கொண்டு, பின்னிய மாலைப்பொழுதுகளை இனாமாக ஈந்துவிடுவதே நாம் செய்யும் பிழை. நான்கு மாலை பிடித்த துணிக்கு நான்கு மாலைக் கூலியும் விலையிற் சேரவேண்டும். கேட்க நமக்குத்தான் கூச்சம்.