ஆர்ட்னன்ஸ் சர்வே பெயர்ப் புத்தகங்கள் (ஸ்காட்லாந்து)

ஆர்ட்னன்ஸ் சர்வே பெயர்ப் புத்தகங்கள் என்பவை, பிரித்தானிய நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை வரைபடமாக்கியபோது, இடப்பெயர்களைத் திரட்டி எழுதிய கையெழுத்துப் பதிவேடுகள் ஆகும். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவுத்திட்டத்திலான அளவைப் பணி 1840களில் இங்கு தொடங்கியது. அவ்வளவு நுணுக்கமான வரைபடத்தில் மலை, ஆறு மட்டுமன்றி ஊற்று, ஆட்டுப்பட்டி, பாழடைந்த தேவாலயம், நடுகல் ஆகியவற்றுக்கும் பெயர் தேவைப்பட்டது. பதிவேடுகள் பெரும்பாலும் பாரிஷ் எனப்படும் திருச்சபைப் பங்கு வாரியாக அமைந்துள்ளன.

இதற்கு முன்னோடியாக, சர் ஜான் சின்கிளேர் 900க்கும் மேற்பட்ட பங்குகளின் போதகர்களிடம் வினாக்கள் அனுப்பித் தொகுத்த புள்ளிவிவர நூல் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் அது ஊரைப் பற்றிய விவரணை. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே பதியும் முயற்சி அன்று.

பதிவு முறை

ஒவ்வொரு பக்கத்திலும் வரைபடத்தில் இடவேண்டிய பெயர், வழக்கிலுள்ள பிற எழுத்துக்கூட்டல்கள், அவற்றுக்குச் சான்று அளித்தோர், அமைவிடம், குறிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் இருந்தன. பொதுவாக ஒரு பெயருக்கு இரண்டு மூன்று பேரிடம் சான்று பெறப்பட்டது. நிலக்கிழார், அவருடைய மேலாளர், போதகர், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் சொல்லுக்கே மதிப்பு மிகுதி. நாள்தோறும் அந்த ஓடையைக் கடந்து ஆடு மேய்த்தவரின் உச்சரிப்பு, எழுதப் படிக்கத் தெரிந்தவரின் எழுத்துக்கூட்டலுக்குப் பின்னரே கருதப்பட்டது. இம்முறையின் பெருங்குறை இதுவே எனலாம். எனினும் ஏற்கப்படாத வடிவங்களும் அதே பக்கத்தில் எஞ்சியிருப்பதால், அச்சிட்ட வரைபடத்தைவிடப் பதிவேடே ஆய்வாளருக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டு: லூயிஸ் தீவு

மேற்கிலுள்ள லூயிஸ் தீவு பார்வஸ், லாக்ஸ், ஸ்டோர்னோவே, யூயிக் என்னும் நான்கு பங்குகளைக் கொண்டது. (இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி பிறந்த ஊர் ஸ்டோர்னோவே.) மக்கள் பேசியது கேலிக் மொழி, அதற்கும் அடியில் வைக்கிங் குடியேறிகளின் பழைய நோர்ஸ் மொழி புதைந்துள்ளது. யூயிக் என்பதே 'விரிகுடா' எனப் பொருள்படும் நோர்ஸ் சொல்லின் திரிபு. கிராஸ்போஸ்ட், மெல்போஸ்ட் ஆகியவற்றின் ஈறு, பண்ணை வீட்டைக் குறிக்கும் நோர்ஸ் சொல்லிலிருந்து வந்தது. 'லாங்கவாட்' என்றால் நோர்ஸில் 'நீண்ட ஏரி'. பொருள் மறந்துபோன பின் கேலிக் மக்கள் தம் மொழியின் ஏரிச் சொல்லான 'லாக்' என்பதை முன்னே சேர்த்ததால், லாக் லாங்கவாட் 'நீண்ட ஏரி ஏரி' ஆகிவிட்டது.

மேய்ச்சல் நிலங்களின் பெயர்களில் 'ஆரி' என்ற சொல் அடிக்கடி வரும். அது கோடையில் மாடுகளுடன் சென்று தங்கும் குடிலைக் குறிக்கும். அவ்வழக்கம் மறைந்துவிட்டதால், பல இடங்களில் குடிலுக்கு உரியவரின் பெயர் இடப்பெயராக மட்டுமே நிலைத்துள்ளது.

தற்போதைய நிலை

பங்கு மன்றங்கள் 1930இல் ஒழிக்கப்பட்டன. ஆயினும் பழைய ஆவணங்களைத் தேடுவோருக்குப் பங்கின் பெயரே இன்றும் திறவுகோல். மூலப் பதிவேடுகள் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பக்கங்கள் எண்ணிமப்படுத்தப்பட்டு, தன்னார்வலர்களால் பெருமளவு தட்டெழுதப்பட்டன. சாலைப் பலகைகளிலும் புதிய வரைபடங்களிலும் கேலிக் பெயர்களைத் திருத்தமாக எழுத முனைவோர், இன்றைய உள்ளூர் உச்சரிப்புடன் இப்பதிவேடுகளின் பழைய வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.