போட்ட பணம் பெட்டியில் இருக்கிறதா?

மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டும் அம்மையார் ஒருவர், தீபாவளி வியாபாரத்தில் மிஞ்சிய 1,000 ரூபாயைப் பாங்கில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் அத்தொகை வரவு வைக்கப்படுகிறது. பணம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியுடன் அவர் வீடு திரும்புகிறார். ஆனால் அந்த நோட்டுகள் அவர் பெயர் எழுதிய பெட்டியில் இருப்பதில்லை. பெரும்பகுதி விரைவிலேயே வேறொருவருக்குக் கடனாகப் போய்விடுகிறது. இதில் மோசடி ஏதுமில்லை. பாங்குத் தொழில் நடைபெறும் முறையே இதுதான். இதனைப் பகுதிக் கையிருப்பு முறை என்பர். சேமிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதன் நன்மையையும் அபாயத்தையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

காவலா, கடனா?

மேலூர் விவசாயி ஒருவர் 10 மூட்டை நெல்லைப் பிறர் கிடங்கில் காவலுக்கு வைத்தால், அந்நெல் அவருடையதே. கிடங்குக்காரர் அதை விற்கலாகாது. பாங்கில் இடும் பணமோ அப்படியன்று. அது பாங்கின் பணமாகிவிடுகிறது என்றும், பாங்கு வாடிக்கையாளருக்குக் கடன்பட்டதாகிறது என்றும் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1848-ஆம் ஆண்டிலேயே ஃபோலி என்பார் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பாங்கில் பணம் போடுகிற நாம் அதற்குக் கடன் கொடுத்தவர்களே ஆவோம்.

பணம் பெருகும் விதம்

பாங்கு நூற்றுக்குப் பத்து வீதம் கையில் வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். அம்மையாரின் 1,000 ரூபாயில் 100 போக, மீதி 900 ஒரு நூல் வியாபாரிக்குக் கடனாகிறது. அவர் அதை நூற்பாலைக்குச் செலுத்த, ஆலை தன் பாங்கில் கட்டுகிறது. அந்தப் பாங்கு 90 ரூபாயை நிறுத்திக்கொண்டு 810 ரூபாயை ஒரு விவசாயிக்குக் கொடுக்கிறது. இப்படியே தொடர்ந்தால், முதலில் வந்த நோட்டு 1,000 ரூபாய்தான் என்றாலும், பல புத்தகங்களில் ஏறிய வைப்புத் தொகை 10,000 ரூபாய் வரை வளரும்.

நடைமுறை இதனினும் சற்று நுட்பமானது. பாங்கு கடன் வழங்கும்போதே கடன் பெறுவோர் கணக்கில் ஒரு புதிய வைப்பை எழுதுகிறது. கடனே வைப்பைப் பிறப்பிக்கிறது என்று இங்கிலாந்து பாங்கின் பொருளியலார் 2014-இல் விளக்கியுள்ளனர். ஆயினும் பாங்குகள் மனம்போல் எழுதிவிட இயலாது. நம் நாட்டில் வைப்புகளில் நூற்றுக்கு 3 வீதத்தை ரிசர்வ் பாங்கில் ரொக்கமாக வைத்தல் வேண்டும். இவ்வீதம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதுவன்றி நூற்றுக்கு 18 வீதத்தை அரசாங்கப் பத்திரம் முதலியவற்றிலும் வைத்திருத்தல் வேண்டும். சொந்த மூலதனத்துக்கும் விதி உண்டு.

நன்மையும் அபாயமும்

சேலை விற்குமுன் நூல் வாங்கியாக வேண்டும். அறுவடைக்கு முன் விதையும் உரமும் வேண்டும். ஒருவர் இன்று வேண்டாதென வைத்த பணம், இன்றே தேவைப்படும் மற்றொருவர்க்கு உதவுவது இம்முறையால்தான். இல்லையேல் நெசவாளர்க்கும் உழவர்க்கும் கந்துவட்டிக்காரர் வாசலே கதியாகும். நம் மதுரையிலேயே கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் பாங்க் ஆஃப் மதுரையை நிறுவினார். அது 2001-இல் ஐசிஐசிஐ பாங்குடன் இணைந்தது.

அபாயம் யாதெனின், எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்டால் எந்தப் பாங்கிலும் அவ்வளவு ரொக்கம் இராது. கொடுத்த கடன்களும் கெட்டுப் போயிருந்தால் நிலைமை முற்றும் கைமீறும். சென்னையின் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்து, எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அதன் பின்னரே 1907-இல் இந்தியன் பாங்கு தோன்றியது. திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு 1938-இலும், பாலாய் சென்ட்ரல் பாங்கு 1960-இலும் கதவடைத்தன.

விவாதம்

இதனால் இம்முறையே கூடாதென்பாரும் உளர். கேட்டவுடன் தருவதாகச் சொன்ன பணம் முழுதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கப் பொருளியலார் இர்விங் ஃபிஷர் 1935-இல் நூல் எழுதினார். சுவிட்சர்லாந்தில் 2018 ஜூனில் இத்தகைய திட்டம் மக்கள் வாக்குக்கு விடப்பட்டபோது, நால்வரில் மூவர் அதை நிராகரித்தனர். முழுக் கையிருப்பு வைத்தால் கடன் சுருங்கும், வட்டி ஏறும் என்பது எதிர்வாதம். முறையைக் கைவிடாமல் காவலைப் பலப்படுத்துவதே ஏற்றது என்பது நம் கருத்து.

அந்தக் காவலில் முக்கியமானது வைப்புக் காப்பீடு. 1962 ஜனவரியில் 1,500 ரூபாய் வரம்புடன் தொடங்கிய இது, கூட்டுறவுப் பாங்குகளுக்கும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிந்தது. மும்பையின் பஞ்சாப்-மகாராஷ்டிரக் கூட்டுறவுப் பாங்கின்மீது 2019 செப்டம்பரில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, கணக்கொன்றுக்கு முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க முடிந்தது. அதன் பின்னர் 2020 பிப்ரவரியில் காப்பீட்டு வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. இக்காப்பீடு பாங்குகளுக்கே உரியது. ஊர்தோறும் உள்ள தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இல்லை. அதிலும் ஒரே ஊர்ச் சங்கத்தில் அபாயம் ஒருங்கே திரளும். பெரிய நகரத்துப் பாங்கில் ஒருவர் எடுக்கையில் மற்றொருவர் கட்டுவார். நம் வைகைச் சமவெளியிலோ, மழை பொய்த்தால் கடன் வாங்கியவரும் கட்ட முடியாது. பணம் போட்டவரும் அப்போதே வந்து கேட்பார். மேற்கண்மாய் நிறைந்து கீழ்க்கண்மாய்க்கு நீர் விடுவதுபோல, மாவட்ட மத்தியக் கூட்டுறவுப் பாங்கும் மாநிலத் தலைமைப் பாங்கும் சங்கத்துக்குத் துணையாக அமைந்துள்ளமை இதற்காகவே. எனினும் மேலேயிருந்து நீர் வரும் என்று நம் கண்மாயின் கரையைப் பாராதிருத்தல் தகாது.

ஆகவே அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். நம் வைப்புகளில் எவ்வளவு ரொக்கமாகவும், மத்தியப் பாங்கில் உடனே எடுக்கத்தக்கதாகவும் இருக்கிறது? தவணை தவறிய கடன் நூற்றுக்கு எத்தனை வீதம்? ஓரிருவருக்கே பெருங்கடன் சேர்ந்துவிட்டதா? இவற்றுக்குக் கணக்கைக் காட்டி விடை கூறும் நிர்வாகக் குழுவை நம்பலாம். விடை கூறத் தயங்கினால், தணிக்கை அறிக்கையை வரவழைத்துப் படித்தல் நம் உரிமையும் கடமையுமாகும்.