பலகை தாங்கும், பயப்படாதீர்கள்!

கோவளம் பக்கம் போயிருக்கிறீர்களா? பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்து, "என் உடம்பு எங்கே, இந்தப் பலகை எங்கே!" என்று பெருமூச்சு விட்டிருப்பீர்கள். உடம்பின்மேல் பழி போடாதீர்கள், அம்மா. பலகையைச் சரியாகப் பொறுக்கினால் போதும்.

ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். அதற்காக, 95 கிலோ எடைக்கு 120 லிட்டர் போதுமென்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டி விடாதீர்கள். மிதக்கும், ஆனால் நிற்க விடாது! புதிதாகப் பழகுகிறவர்கள் எடையைப்போல் இரண்டு மடங்காவது பார்க்க வேண்டும். காற்றடிக்கும் பலகைகளில் 300 லிட்டர்கூடச் சாதாரணமாகக் கிடைக்கிறது.

உயரமானவர்களுக்கு அகலந்தான் முக்கியம். 33, 34 அங்குலம் இருக்கட்டும். நீளம் 11 அடிக்குக் குறைய வேண்டாம். கனம் 6 அங்குலம். மெல்லியதாக இருந்தால் நடுவில் தூளி மாதிரி தொய்யும். காற்றும் குறையக் கூடாது. பெரும்பாலும் 15 பவுண்டு கேட்கும். கைப் பம்பில் அடித்து முடிப்பதற்குள் ஆட்டுக்கல்லில் மாவாட்டிய களைப்பு வந்துவிடும். வந்தாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

துடுப்பு உங்கள் தலைக்குமேல் ஒரு சாண் உயர்ந்திருந்தால் சரி. காலில் கட்டும் கயிறும் மிதவைச் சட்டையும் கட்டாயம் வேண்டும். சட்டையைக் கூச்சப்படாமல் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பொத்தான் மாட்டாத சட்டை யாரைக் காப்பாற்றும்?

கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் இறங்க வேண்டாம். அலையில்லாத நீரில், நடுக் கைப்பிடிக்கு இருபுறமும் முட்டி போட்டுக் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். எழுந்து நிற்க அவசரமில்லை.