பாவித்த கணினி வாங்கும் முன்

மாத்தளையிலோ தம்புள்ளையிலோ பிள்ளையின் ஏ.எல். படிப்புக்கென்று பாவித்த மடிக்கணினி தேடுபவருக்கு, "விண்டோஸ் 11 போட்டிருக்கு" என்ற வார்த்தையே பெரிய நிம்மதி. அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

சுவிட்சைப் போட்டதும் விண்டோஸை எழுப்புவது ஒரு சிறு மென்பொருள். பழைய 'பயோஸ்' முறை, அது யாருடையது என்று கேட்காமலே அதை ஓடவிடும். புதிய யூ.இ.எப்.ஐ. முறையில் 'செக்கியூர் பூட்' இருந்தால் கையொப்பம் பார்த்தே அனுமதிக்கும். அந்தச் சோதனை இல்லாவிட்டால், வைரஸ் தடுப்பான் விழிக்கும் முன்பே தீநிரல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடலாம். விண்டோஸ் 11 பழைய முறையைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

தகுதியற்ற கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றலாம். நன்றாகவே ஓடும். பாதுகாப்புப் புதுப்பிப்பு தொடர்ந்து வருமென்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்காது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பதை 2023இல் நம் அரசாங்கமே கண்டது: காலாவதியான மின்னஞ்சல் மென்பொருளில் ஓடிய அரச கணினித் தொகுதியை ரான்சம்வேர் தாக்கி, மே முதல் ஓகஸ்ட் வரையான மின்னஞ்சல்கள் மீளாமல் போயின.

கடையிலேயே சோதியுங்கள். தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயோஸ் மோட்' என்றொரு வரி இருக்கும். 'லெகசி' என்றிருந்தால் பழைய முறை. உடனே ஒதுக்கவும் வேண்டாம்; யூ.இ.எப்.ஐ. வசதி உள்ள கணினியைச் சிலர் பழைய முறையிலேயே ஓட்டுகிறார்கள். புதிய முறைக்கு மாற்ற 'ஃபோமட் அடிச்சே ஆகணும்' என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள்: கோப்புகளை அழிக்காமல் மாற்றும் கருவி விண்டோஸ் 10இலேயே உண்டு. எதற்கும் முதலில் பிரதி எடுத்துவையுங்கள். விண்டோஸ் 11க்கு, இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

ஏற்கெனவே பழையதை வாங்கிவிட்டவர்கள் விண்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும். பயோஸிலும் ஓடும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் இலவசம். படிப்புக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை. மொடல், தலைமுறை, உத்தரவாதக் காலம் மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி பொருள் இல்லையென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி இலக்கம் 1977.