பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்: வெளியே போட்டி, உள்ளே ஒரே குடும்பச் சிப் - வாங்குவோர் அறிய வேண்டியவை

சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் வீடியோ கேம் சந்தையில் நேரெதிர்ப் போட்டியாளர்கள். ஆனால், இரு கருவிகளின் உள்ளே இருக்கும் முதன்மைச் சிப்பும் அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவானது. இரண்டையும் தயாரித்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம். இந்த ஒற்றுமை எதுவரை செல்லும், எங்கே முடிகிறது என்பதை அறியாததே பல தவறான எண்ணங்களுக்கும் பண இழப்புக்கும் காரணமாகிறது.

கேரள - தமிழக எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் இருந்து ஒரு பக்கம் திருவனந்தபுரத்துக்கும், களியக்காவிளையைக் கடந்தால் மறுபக்கம் நாகர்கோவிலுக்கும் எளிதில் சென்றுவர முடியும். இரு நகரக் கடைகள், இணைய விற்பனை, பயன்படுத்திய கருவிகள் எனத் தெரிவுகள் பல உள்ள இடத்தில், எதைப் பார்த்து வாங்குவது என்ற தெளிவு தேவைப்படுகிறது. செலவாகும் தொகையும் சிறியதல்ல. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020 நவம்பர் 10-ஆம் தேதியும், பிளேஸ்டேஷன் 5 கருவி 2021 பிப்ரவரி 2-ஆம் தேதியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, சீரிஸ் எக்ஸ் இரண்டின் அறிமுக விலையும் 49,990 ரூபாய்.

உள்ளே இருப்பது என்ன?

இரு கருவிகளிலும் ஏஎம்டியின் 'ஜென் 2' வகையைச் சேர்ந்த, 8 கோர்கள் கொண்ட மையச் செயலி உள்ளது. காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதி 'ஆர்டிஎன்ஏ 2' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நினைவகம் இரண்டிலும் 16 ஜிபி. கோப்புகளைச் சேமிக்க, சுழலும் தகடு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தப்பட்டுள்ளது.

வேறுபாடுகளும் உண்டு. மையச் செயலியின் உச்ச வேகம் சீரிஸ் எக்ஸில் 3.8 கிகாஹெர்ட்ஸ், பிளேஸ்டேஷன் 5-இல் 3.5 கிகாஹெர்ட்ஸ். எஸ்எஸ்டியில் நிலை தலைகீழாகிறது. பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 5.5 ஜிபி தரவையும், சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிபி தரவையும் நேரடியாகப் படிக்கக்கூடியவை. கொள்ளளவோ அறிமுகமானபோது பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி. சீரிஸ் எக்ஸில் 1 டிபி. ஒன்று எல்லாவற்றிலும் முந்துகிறது, மற்றொன்று எல்லாவற்றிலும் பிந்துகிறது என்று கூறுவதற்கு இடமில்லை.

தவறான எண்ணம் 1: 'டெராஃப்ளாப்ஸ்' அதிகம் என்றால் விளையாட்டும் சிறப்பு

கிராபிக்ஸ் திறனைக் குறிக்கப் பயன்படும் 'டெராஃப்ளாப்ஸ்' எண், சீரிஸ் எக்ஸுக்கு 12.15 எனவும் பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28 எனவும் அறிவிக்கப்பட்டது. இது வெறும் பெருக்கல் கணக்கில் கிடைக்கும் எண். சீரிஸ் எக்ஸில் 52 கணக்கீட்டு அலகுகள் 1.825 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகின்றன. பிளேஸ்டேஷன் 5-இல் 36 அலகுகள் மட்டுமே உள்ளன. ஆனால் அவை 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை வேகமெடுக்கின்றன.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள ஒரு கூடத்தில் 52 தறிகள் நிதானமாகவும், இன்னொரு கூடத்தில் 36 தறிகள் விரைவாகவும் இயங்குவதாக வைத்துக்கொள்ளலாம். மாலையில் எங்கே அதிகத் துணி சேரும் என்பதைத் தறிகளின் எண்ணிக்கையோ வேகமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. நூல் தடையின்றி வந்து சேர்கிறதா, நெய்யும் வேலைப்பாடு எத்தகையது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கன்சோலில் நூலைக் கொண்டுவந்து சேர்ப்பவை நினைவகமும் எஸ்எஸ்டியும். வேலைப்பாடு என்பது விளையாட்டை உருவாக்கியவர்களின் நிரல். டெராஃப்ளாப்ஸ் எண் அதிகபட்சக் கணக்கீட்டுத் திறனை மட்டுமே கூறுகிறது. இரு கருவிகளுக்கும் பொதுவாக வெளியாகும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை, பார்ப்பவர் கண்ணுக்கு மிக நெருக்கமாகவே தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

தவறான எண்ணம் 2: சிப் ஒன்று போல இருந்தால் டிஸ்க்கும் பொருந்தும்

பொருந்தாது. சிப்பின் குடும்பம் ஒன்றாக இருந்தாலும், அதன் மேல் இயங்கும் இயங்குதளமும், விளையாட்டு கிராபிக்ஸ் பகுதியுடன் பேசும் மென்பொருள் முறையும், பாதுகாப்புப் பூட்டும் வேறு வேறு. எனவே, பிளேஸ்டேஷன் டிஸ்க் எக்ஸ்பாக்ஸில் இயங்காது. எக்ஸ்பாக்ஸ் டிஸ்க் பிளேஸ்டேஷனிலும் இயங்காது. சேமிப்பிடத்தை விரிவாக்கும் முறையும் மாறுபடுகிறது. பிளேஸ்டேஷன் 5-இல், சோனி குறிப்பிடும் அளவும் வேகமும் கொண்ட, கணினிகளுக்கான எம்.2 வகை எஸ்எஸ்டியைப் பொருத்தலாம். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கெனவே தயாரிக்கப்பட்ட விரிவாக்க அட்டை தேவை.

தவறான எண்ணம் 3: பெயர் ஒன்றானால் கருவியும் ஒன்று

பயன்படுத்திய கருவி வாங்குவோர் அதிகம் கவனிக்க வேண்டியது இது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பெயரில் ஓர் எழுத்து மட்டுமே மாறினாலும், திறனில் பெரிதும் வேறுபட்டது. அதன் கிராபிக்ஸ் திறன் சுமார் 4 டெராஃப்ளாப்ஸ். நினைவகம் 10 ஜிபி. டிஸ்க் போடும் வசதி அதில் இல்லை. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்போ, திறனில் வழக்கமான பதிப்புக்கு இணையானது. டிஸ்க் இயக்கி மட்டுமே இல்லை. டிஸ்க் இயக்கி இல்லாத கருவியை வாங்கியவருக்கு, நண்பரிடம் இரவலாகப் பெறும் டிஸ்க்கோ, மலிவாகக் கிடைக்கும் பழைய டிஸ்க்கோ உதவாது. இணையத்தில் வாங்கிய விளையாட்டுகள் கருவிக்கு அல்ல, வாங்கியவரின் கணக்குக்கே உரியவை. 'உள்ளே 20 விளையாட்டுகள் உள்ளன' என்று கூறி விற்கப்படும் பழைய கருவி, முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதும் வெறும் கருவியாகிவிடக்கூடும்.

தவறான எண்ணம் 4: பழைய டிஸ்க்குகள் அனைத்தும் புதிய கருவியில் இயங்கும்

இதற்கு விடை வன்பொருளின் வரலாற்றில் உள்ளது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியும், 2006-இல் பிளேஸ்டேஷன் 3 கருவியும் வெளியாயின. இரண்டின் செயலிகளும் ஐபிஎம் நிறுவனத்தின் 'பவர்' வழிவந்தவை. இரண்டின் வேகமும் 3.2 கிகாஹெர்ட்ஸ். சோனி, தொஷிபா நிறுவனங்களுடன் சேர்ந்து ஐபிஎம் உருவாக்கிய 'செல்' சிப்பின் முதன்மைக் கோர், சில மாற்றங்களுடன் மைக்ரோசாஃப்டின் மும்மைக் கோர் சிப்பிலும் இடம்பெற்றது. அந்தப் பணியில் ஈடுபட்ட பொறியாளர் டேவிட் ஷிப்பி, மிக்கி ஃபிப்ஸுடன் இணைந்து இதனைப் பின்னர் நூலாக எழுதினார். ஆயினும் 'செல்' சிப்பில் முதன்மைக் கோருடன் தனித்தன்மை வாய்ந்த துணைச் செயலிகளும் இருந்தன. அவற்றுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை வேறு சிப்பில் இயக்குவது கடினம்.

2013-இல் வெளியான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும் கணினிகளில் பயன்படும் எக்ஸ்86 வகைச் செயலிக்கு மாறின. இரண்டுக்கும் சிப் வழங்கியது ஏஎம்டி. அதன் தொடர்ச்சியாகவே பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளில் மிகப் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன் 5-இல் இயங்குகின்றன. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகள் இயங்குவதில்லை. மைக்ரோசாஃப்ட், பழைய சிப்பைப் போல நடிக்கும் மென்பொருளை உருவாக்கியதால், எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவை சீரிஸ் எக்ஸிலும் இயங்குகின்றன.

பெட்டி ஏமாற்றிய காலம்

உறையைப் பார்த்து உள்ளடக்கத்தை முடிவு செய்யும் பழக்கம் புதிதல்ல. 1990-களில் இந்தியக் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்ற மலிவுக் கருவிகளில் பல, நிண்டெண்டோ 1983-இல் வெளியிட்ட 8 பிட் ஃபேமிகாம் கருவியின் நகல்கள். பிளேஸ்டேஷனின் தோற்றத்தில் 'பாலிஸ்டேஷன்' என்ற பெயரில் வந்தவற்றின் உள்ளேயும் அதே 8 பிட் வன்பொருள்தான் இருந்தது. '9999 விளையாட்டுகள்' என அச்சிட்ட கேசட்டில், சில விளையாட்டுகளே பெயரும் தொடக்கக் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வந்தன. அப்போது தோற்றம் வேறாகவும் உள்ளடக்கம் பழையதாகவும் இருந்தது. இப்போது போட்டிப் பெயர்களின் கீழ் ஒரே குடும்பச் சிப் இருக்கிறது. இரு நிலையிலும் பெட்டியின் மேலுள்ள எழுத்து முழு உண்மையைச் சொல்வதில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கருவியின் முழுப் பெயரையும், டிஸ்க் இயக்கி உள்ளதா என்பதையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சி 4கே வகையைச் சேர்ந்ததா என்று பார்ப்பது அடுத்தது. முழு எச்டி தொலைக்காட்சியிலும் கன்சோல் இயங்கும், ஆனால் 4கே தெளிவு கிடைக்காது. விரும்பும் விளையாட்டு எந்தக் கருவிக்கு வெளியாகியுள்ளது, உடன் விளையாடும் நண்பர்களிடம் எது உள்ளது என்பவை டெராஃப்ளாப்ஸ் எண்ணைவிட முக்கியமானவை. பயன்படுத்திய கருவி என்றால், ஒரு டிஸ்க்கைப் போட்டு இயக்கிப் பார்த்து, பழைய கணக்கை நீக்கி, தன் கணக்கில் நுழைந்து சரிபார்த்த பின்னரே பணம் கொடுப்பது பாதுகாப்பானது.